பட்டம் கட்டப் போய் ஊர் சுத்தி வந்தோம்

மலேசியாவுக்குப் போயிட்டு வந்தீங்களாமேன்னு கொழிஞ்சாம்பாறையில கேக்காத ஆளில்ல. சந்தையில கேட்டாச்சு, ரேஷன் கடையில கேட்டாச்சு, பொள்ளாச்சி பஸ்ஸுல கண்டக்டர் கூடக் கேட்டாச்சு. கேட்ட உடனே எங்க ஊட்டுக்காரரு போனை எடுத்து ரெட்டைக் கோபுரத்தைக் காட்டுவாரு. கோபுரத்துக்கு முன்னால அவரு நிக்கறாரு, வலது கையை எடுத்துச் சட்டைப் பை மேல வெச்சுக்கிட்டு. "ஏனுங்க, நெஞ்சுவலியா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "அட, அதெல்லாமில்லீங்க"ன்னு சிரிச்சுட்டாரு. "மருமவளுக்குப் பட்டம் கட்டியாச்சா?"ன்னு இன்னொருத்தர் கேட்டாரு. "அது ஆச்சுங்க"ன்னு அதுக்கும் சிரிச்சாரு. அவருக்குச் சிரிக்க முடியுது. எனக்கு அந்தப் படத்தைப் பாத்தா இன்னைக்கும் வயிறு எரியுது.

என்ற நாத்தனார் கோலாலம்பூர்ல இருக்கறா. இவருக்கு ஒரே தங்கச்சி. அவளைக் கட்டினவரோட தாத்தா காலத்துல பொள்ளாச்சிப் பக்கமிருந்து கப்பல் ஏறிப் போன குடும்பம், அங்க இரும்புச் சாமான் யாவாரம், நல்ல வசதி. எங்க ஊட்டுக்காரரு தேங்கா உரிக்கறவரு. களத்துல பாரையை நட்டு வெச்சு நின்னாருன்னா, ஒரு குத்து, ஒரு திருப்பு, மட்டை தனி, காய் தனி. பொள்ளாச்சி லாரி வர்றதுக்குள்ள மலை மாதிரிக் குமிச்சுப் போடுவாரு. கை ரெண்டும் மட்டைச் சாயம் ஏறிக் கறுத்துக் கெடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப நாத்தனார் பாவாடை சட்டை போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தா. அண்ணன் பொண்டாட்டி என்னை நங்கைன்னு கூப்புடுவா. மாமனார் அதுக்கு முந்தியே போய்ச் சேந்துட்டாரு. அவளைப் படிக்க வெச்சதும் அந்தக் கைதான், கட்டிக் குடுத்து பிளேன் ஏத்தி உட்டதும் அந்தக் கைதான்.

எங்க பக்கத்துல ஒரு பொம்பளைக்குக் கூடப் பொறந்தவன் செய்ய வேண்டியது ரெண்டு காரியம். வேற எவன் செஞ்சாலும் செல்லாது. அவ பெத்த பொண்ணுக்குக் கல்யாணம்னா, தாலி ஏறதுக்கு முந்தி தாய்மாமன் வந்து நெத்தியில பட்டம் கட்டோணும். வெள்ளித் தகடுதான், ரெண்டு பக்கமும் மஞ்சக் கயிறு. அதைக் கட்டினாத்தான் அவ கல்யாணப் பொண்ணு. இன்னொண்ணு, அந்தப் பொம்பளை கண்ணை மூடினா, பொறந்த ஊட்டுல இருந்து கோடித் துணி வரோணும். எங்கம்மா போன அன்னைக்கு ஹர்த்தால், ஒரு பஸ் ஓடல. என்ற மாமன் நல்லேப்பிள்ளியிலிருந்து கோடித் துணியைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நடந்தே வந்து சேந்தாரு. அவரு வர்ற வரைக்கும் பொணத்தை எடுக்கல. வெயில் ஏற ஏற ஐஸ் வாங்கி வெச்சுட்டுக் காத்துக் கெடந்தோம். பொறந்தவன் கோடி மேல உழுகாம ஒருத்தியை எடுத்துட்டுப் போனா, அவ நாதியத்தவன்னு அர்த்தம்.

இந்தக் கதையில இது ரெண்டும் வரும். அதுக்குத்தான் முந்தியே சொல்லி வெக்கறேன்.

தை மாசத்துல நாத்தனார் போன் பண்ணினா. "அண்ணா, பொண்ணுக்கு மாப்ள பாத்திருக்குது. பெரிய எடம். பையன் லபுவான்ல வேலையில இருக்கறாரு. தேதி வெச்சுட்டுச் சொல்றேன்"ன்னா. அவ்வளவுதான், இவரு அடுத்த நாளே பக்கத்துல இருக்கற சித்தூருக்குப் போய்ப் பட்டத்துக்குச் சொல்லிட்டு வந்துட்டாரு. சும்மா தகடு இல்ல, நடுவுல ஒரு பொட்டுத் தங்கம் வெச்சு. களத்துல இருந்து வந்து கையைக் கழுவிட்டு அதை எடுத்துப் பாப்பாரு, தொடைப்பாரு, மஞ்சத் துணியில சுத்தி மறுபடியும் பீரோவுல வெப்பாரு. "ஏனுங்க, தேஞ்சு போயிருமுங்க"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனி போச்சு. போனே இல்ல. ஆடி பொறந்து போன் வந்துச்சு. "அண்ணா, நீயும் நங்கையும் கெளம்பி வாங்க, டிக்கெட் நான் போட்டு அனுப்பறேன். இங்க மூணு கூட்டரசுப் பிரதேசம் இருக்குது. கோலாலம்பூர், புத்ராஜெயா, லபுவான். ஒண்ணு விடாம சுத்திக் காட்டறேன். நீ பழனியை விட்டா எங்கதான் போயிருக்கே?" கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கூட்டரசுப் பிரதேசம்னா என்னன்னு எனக்குத் தெரியல. எந்த மாநிலத்துலயும் சேராம, நேரா மத்திய சர்க்கார் கையில இருக்கற ஊராம். நம்ம மாஹி மாதிரி. சுத்தியும் கேரளா, ஆனா அது கேரளா இல்ல. கேரளா எல்லைக்குள்ள இருக்கற தமிழாளுங்க எங்க பொழப்பும் கொஞ்சம் அப்படித்தான். இங்க ஆபீசுக்குப் போனா எங்களைத் தமிழன்பாங்க, பொள்ளாச்சிக்குப் போனா மலையாளத்தான்பாங்க. சரி, அதை உடுங்க.

"கல்யாணத்தைப் பத்திப் பேச்சே எடுக்கலீங்களே"ன்னு நான் கேட்டேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. தாய்மாமனைப் போன்லயா அழைப்பாங்க? அங்க கூப்புட்டு வெச்சு, தட்டத்துல வெத்தலை பாக்கு வெச்சு, புருசனும் பொண்டாட்டியும் நின்னு அழைப்பாங்க. அதுக்குத்தான் டிக்கெட்டே."

"ஆடி மாசத்துல எவளாவது கல்யாணம் வெப்பாளுங்களா?"

"ஆடி கடைசியிலதானே டிக்கெட்டு? ஆவணியில முகூர்த்தம் இருக்கும்."

"அப்ப நீங்களே கேட்டுருங்க."

"தாய்மாமன் தன் வாயால கேட்டா அதுக்குப் பேரு பிச்சை"ன்னுட்டாரு. அதுக்கு மேல நான் என்ன பேசறது? அவரு சொன்னதும் எங்க வழக்கம்தான். அழைக்கற வரைக்கும் கேக்கப்படாது. அந்த வழக்கத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நாங்க பிளேன் ஏறினோம். எங்கள மாதிரி ஆளுங்கதான் இப்படி ஏமாற முடியும்.

கொச்சி ஏர்போர்ட்டுல அந்த மஞ்சத் துணியைப் பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க. "இதெந்தா சேட்டா?"ன்னு கேட்டாரு காக்கிச் சட்டைக்காரரு. "பட்டமுங்க. மருமவளுக்கு. நான் தாய்மாமன்"னாரு இவரு. அந்த மனுசனுக்கு என்ன புரிஞ்சுதோ, சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தாரு. அப்ப எடுத்துச் சட்டைப் பையில வெச்சதுதான், அங்க இருந்த அத்தனை நாளும் அது பையை உட்டு எறங்கல.

நாத்தனார் ஊடு ஆகாசத்துல இருந்துச்சு. ஜன்னல்ல நின்னு கீழ பாத்தா காரெல்லாம் எறும்பாட்டம் ஊருது. அவ புருசன் தங்கமான மனுசன், பேச்சு கொஞ்சம், வேலை எச்சு. உள்ள வந்ததும் இவரு கையைப் புடிச்சுக்கிட்டு, "ஒடம்பு இப்ப தேவலையா மச்சான்?"னாரு. "எனக்கென்ன மாப்ள, கல்லு மாதிரி இருக்கேன்"னாரு இவரு. "இட்லி ஆறுது, வாங்க வாங்க"ன்னு நாத்தனார் குறுக்கே பூந்துட்டா. "பொண்ணு எங்க அம்மிணி?"ன்னு நான் கேட்டேன். "லபுவான்ல வேலை கெடைச்சுப் போயிருக்கறா நங்கை"ன்னா. மாப்ளையும் லபுவான், பொண்ணும் லபுவான். கல்யாணத்துக்கு முந்தியே அங்க என்ன வேலைன்னு எனக்குள்ள ஓடுச்சு. வந்த எடத்துல நோண்டப்படாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். சாமான் சட்டெல்லாம் எச்சா இருந்த அந்தக் கூடத்துச் செவுத்துல ஒரு பெரிய ஆணி மட்டும் சும்மா நின்னுச்சு.

விடிஞ்சா காரு வந்து நிக்கும். ஒரு டிரைவரைப் பேசி வெச்சிருந்தா, அவரும் தமிழரு, வயசானவரு. நாத்தனார் புருசன் கெளம்பறதுக்கு முந்தியே எங்களைத் தாட்டி உட்டுருவா. அவரு திரும்பி வர்றதுக்குள்ள நாங்க அலைஞ்ச அலுப்புல படுத்துருவோம். பாசத்துல செய்யறான்னு இவரு நெனச்சாரு. நானும் பாதி நெனச்சேன். எங்களை அந்த மனுசனோட ஒக்காந்து பழமை பேச உடக்கூடாதுங்கற ஏற்பாடு அதுன்னு அப்ப எனக்குப் புடிபடல.

கோலாலம்பூர்ல காட்டாத எடமில்ல. ரெட்டைக் கோபுரம், கம்பம் மாதிரி ஒசந்த இன்னொரு கோபுரம், சுதந்திரக் கொடி ஏத்தின மைதானம், வலை போட்டு மூடின பறவைப் பூங்கா. பறவைப் பூங்காவுல மயிலைப் பாக்க ஜனம் கூட்டமா நின்னு படம் புடிக்குது. எங்க தோட்டத்துல நெலக்கடலையைத் தின்னு அழிக்கற மயிலு. "இதுக்குத் துட்டு குடுத்து டிக்கெட்டா?"ன்னு இவரு சிரிச்சாரு. எங்க போனாலும் படம் எடுத்தேன், எந்தப் படத்துலயும் அவரு கை பைக்கு மேலதான். கூட்டத்துல பட்டத்தை எவனாவது எடுத்துருவானோன்னு பயம்.

பத்துமலை முருகனைப் பாக்கோணும்னாரு. "அது சிலாங்கூர் மாநிலம் அண்ணே, கூட்டரசுப் பிரதேசத்துல சேராது. தங்கச்சி குடுத்த லிஸ்ட்ல இல்ல லா"ன்னாரு டிரைவரு, அந்த ஊரு வழக்கத்துல லா போட்டு. கூட்டரசு எல்லைக்கு வெளிய நின்னுட்டாரு பாவம் முருகன். இவரு காருக்குள்ள இருந்தே அந்தத் தெசையைப் பாத்துக் கும்புட்டாரு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. முருகனைக் காட்டாத சுத்து என்னடி சுத்து?

ஒரு நா சாயங்காலம் சீக்கிரமாத் திரும்பிட்டோம். ஊட்டுல நாலஞ்சு பொம்பளைங்க ஒக்காந்திருந்தாங்க, பட்டும் வைரத்தோடுமா. இவரு பளிச்சுனு கையெடுத்துக் கும்புட்டாரு. அந்தக் கறுத்த கையையே ஒருத்தி பாத்தா. நாத்தனார் எந்திரிச்சு வந்து, "ஊர்ல இருந்து வந்திருக்கறாங்க, சொந்தம்"ன்னா. அண்ணன்னு சொல்லல பாருங்க. சொந்தமாம். எந்தச் சொந்தம்? பாலூட்டாத கொறையா வளத்தவனுக்குச் சொந்தம்னு பொதுவா ஒரு பேரு. இவரு, "கும்புடறனுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. ரூமுக்குள்ள வந்து நான் பல்லைக் கடிச்சேன். "பேச்சு வாக்குல வுட்டுருப்பா, நீ எதையும் பெருசு பண்ணாதே"ன்னாரு. சட்டைப் பையைத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

புத்ராஜெயா ரெண்டாவது பிரதேசம். சர்க்கார் ஆபீசுக்குன்னே கட்டின ஊரு. ஏரி, ஏரிக்கு மேல வகை வகையாப் பாலம், ரோசாப்பூ நெறத்துல பள்ளிவாசல், பச்சைக் குடை கவுத்த மாதிரி பிரதமர் ஆபீசு. ரோடு அகலம்னா அகலம், நடக்கத்தான் ஆளில்ல. டிரைவரு காரை ஓரமா நிறுத்திட்டு, "இந்த எடம் பூரா முந்தி ரப்பர் தோட்டம் அக்கா. எங்க அப்பா அம்மா பால்மரம் வெட்டினது இங்கதான். நான் பொறந்த லயன் வீடு அந்தத் தண்ணிக்குள்ள எங்கயோ இருக்கும்"னாரு. அதைச் சொல்லும்போது அவரு குரல்ல ஒண்ணுமே இல்ல. எத்தனை பேருக்கு இதைக் காட்டி அலுத்துருச்சோ. ஏரியைப் பாத்தேன். நல்ல ஏரிதான். எனக்கு அதுக்கு மேல பாக்கப் புடிக்கல.

பாலத்துல கல்யாணப் பொண்ணு மாப்ளைங்க வரிசையா நின்னு படம் புடிச்சாங்க. சீனப் பொண்ணு, மலாய்ப் பொண்ணு, ஒரு தமிழ்ப் பொண்ணும். இவரு கிட்டக்கப் போய் அந்தத் தமிழ்ப் பொண்ணோட நெத்தியை உத்துப் பாத்துட்டு வந்தாரு. "பட்டம் கட்டல. நெத்திச்சுட்டிதான் போட்டிருக்குது. இங்கத்த ஜனத்துக்கு வழக்கமெல்லாம் தெரியாது போல. நம்ம பொண்ணுக்கு நான் சொல்லித்தான் கட்டோணும்"னாரு. அந்த மூஞ்சியில இருந்த சந்தோசத்தைப் பாத்துட்டு நான் என்னத்தைச் சொல்லுவேன்? ஆடி முடிஞ்சு ஆவணியும் பொறந்துருச்சு. அந்த ஊட்டுல ஒரு பந்தக்கால் பேச்சில்ல, ஜவுளிப் பேச்சில்ல. தட்டமும் வரல, வெத்தலையும் வரல.

அன்னைக்கு நாத்தனார், "அவ்வளவுதான் அண்ணா, எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டுக் கெளம்புங்க"ன்னா.

"லபுவான்?"னாரு இவரு. "மூணுன்னு சொன்னியே?"

"அது தூரம், கடல் தாண்டி பிளேன்ல போகோணும். அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமில்லண்ணா."

சோத்துக்கு ஒக்காந்திருந்த அவ புருசன் நிமுந்து பாத்தாரு. "என்ன பேசறே நீ? இவ்வளவு தூரம் வந்துட்டு மருமகளைப் பாக்காமப் போறதா? அதுவும் இந்த மச்சான்?" சொல்லிட்டு அப்பவே போனை எடுத்து டிக்கெட் போட்டுட்டாரு, மகளுக்கும் சொல்லிட்டாரு. நாத்தனார் கையில இருந்த ரசக் கரண்டி அப்படியே நின்னுச்சு. "நானும் வர்றேன்"னா. "உனக்குத்தான் நாளைக்கு டாக்டர்கிட்ட போகோணுமே"ன்னாரு அவரு. மொகம் வெளுத்துப் போச்சு அவளுக்கு. இவருக்கோ கண்ணுல வெளிச்சம். ரூமுக்குள்ள வந்து, "பாத்தியா, அதுவும் இந்த மச்சான்னு சொன்னாரு பாத்தியா? பொண்ணு கையாலயே அழைக்கச் சொல்லியிருக்கறாங்க"ன்னாரு.

லபுவான் சின்னத் தீவு. ஏர்போர்ட்டுல பொண்ணு ஓடி வந்து மாமனைக் கட்டிக்கிட்டா. சின்னதுல ஒரு தடவை கொழிஞ்சாம்பாறைக்கு வந்து, களத்துல தேங்கா மட்டை மேல ஏறிக் குதிச்சு வெளையாண்ட பொண்ணு. அவ கழுத்தைத்தான் நான் மொதல்ல பாத்தேன். தாலிக் கொடி.

இவரு பாக்கல. பொண்ணு தோள்ல சாஞ்சுக்கிட்டு இருந்ததால தெரியலையோ, தெரிஞ்சும் மனசு ஒத்துக்கலையோ. கார்ல போகும்போதே பொண்ணு ஊரைக் காட்டிக்கிட்டு வந்தா. மணிக்கூண்டு, கடலுக்குள்ள கம்பு நட்டுக் கட்டின ஊடுங்க, உலகப் போர்ல செத்த சிப்பாய்ங்களைப் பொதைச்ச எடம். செங்கல்லுல ஒசரமா ஒரு புகைபோக்கி நின்னுச்சு. எதுக்குக் கட்டினாங்கன்னே யாருக்கும் தெரியாதாம், அதுக்குள்ள புகை போன தடமே இல்லையாம். அதைப் பாக்கறதுக்கும் ஜனம் வருது. "இது வரிவிலக்கு தீவு அத்தை, சாக்லேட் மலிவு"ன்னா. நான் ம்னு சொன்னேன்.

அவ ஊட்டுக்குள்ள நொழஞ்சதும் நேரா எதுக்கே கல்யாணப் படம், கதவு அகலத்துக்கு. பொண்ணு பட்டுப் பொடவையில தலையைக் குனிஞ்சு ஒக்காந்திருக்கறா. நெத்தியில பட்டம். பின்னால ஒரு தடிச்ச ஆளு, சரிகை வேட்டி, தலையில உருமாலு, வெள்ளை வெளேர்னு ரெண்டு கை. கயித்தை முடிஞ்சுட்டு இருக்கறான்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டாளே பாவி மவ! இவரு படத்துக்கு முன்னால நின்னாரு. நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு.

பொண்ணு காப்பியோட வந்தா. "நல்லா வந்திருக்குல்ல மாமா? ஆனி மாசம் முகூர்த்தம். உங்களுக்கு ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்குன்னு அம்மா சொன்னதும் நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? கல்யாணத்தைத் தள்ளி வைங்கன்னு கூடச் சொன்னேன். நீங்கதான் தள்ளி வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களாமே. அப்பாவோட பார்ட்னரு அவரு. உங்க எடத்துல அவரை நிக்க வெச்சாங்க. ஆனா பட்டம் நீங்க ஊர்ல இருந்து குடுத்து உட்டதுதானே மாமா? அம்மா சொன்னாங்க. பத்திரமா வெச்சிருக்கேன்."

நான் வாயைத் தொறந்தேன். சத்தியமா அன்னைக்கு எல்லாத்தையும் போட்டு ஒடைச்சிருப்பேன். அதுக்குள்ள இவரு சொல்லிட்டாரு.

"ஆமா கண்ணு. நான் குடுத்து உட்டதுதான்."

"இப்ப ஒடம்பு எப்படி மாமா?"

"தேவலை கண்ணு. இப்பத் தேவலை."

அவரு கை சட்டைப் பை மேல இருந்துச்சு. பொண்ணு அதைப் பாத்துட்டு, "இன்னும் வலிக்குதா?"ன்னா. இல்லைன்னு தலையாட்டினாரு. காப்பியைக் குடிச்சாரு. மாப்ள வேலையில இருந்து வந்ததும் எந்திரிச்சு நின்னு கையைக் குடுத்தாரு. பொண்ணு வறுத்து வெச்ச மீனு நல்லா இருக்குதுன்னு சொல்லி ரெண்டாவது தரமும் கேட்டு வாங்கித் தின்னாரு. நான் மீனைத் தொடல.

அடுத்த நா காலையில கடலோரமா எங்களை உட்டுட்டுப் பொண்ணு ஆபீசுக்குப் போனா. அவ கார் மறைஞ்சதும் நான் புடிச்சுக்கிட்டேன். "ஏனுங்க, சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கறீங்க? உங்களைச் சாகக் கெடக்கறான்னு சொல்லிட்டு எவனையோ நிக்க வெச்சுப் பட்டம் கட்டியிருக்கறா. நீங்களும் ஆமா கண்ணுங்கறீங்க. ரோசம் வேண்டாம்? அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்றதுக்கு உங்களுக்கு என்னங்க கேடு?"

அவரு கடலைப் பாத்துட்டே இருந்தாரு. "மாமன் பட்டம் குடுத்து உட்டாருன்னு அந்தப் பொண்ணு நெனச்சுட்டிருக்கறா. அதை நான் புடுங்கறதா?"ன்னாரு.

"அப்ப உங்க தங்கச்சிக்காரி?"

"அவகிட்ட நான் பேசிக்கறேன். அவ புருசனுக்குத் தெரிய வேண்டாம். ஒரு குடும்பத்துக்குள்ள நெருப்பு வெச்சுட்டு வந்தவன்கற பேரு எனக்கு வேண்டாம்."

"நீங்க பேசிக் கிழிச்சீங்க"ன்னேன். ஊட்டுல ஒரு நாய் கொலைச்சாக்கூட, "போ சாமி"ன்னு சொல்ற ஆளு. ஆடி மாசத்துல குத்தின குத்து ஆவணி மாசத்துல உளைப்பெடுத்துச்சாம்பாங்க, இவருக்கு ஆவணியிலயும் வலிக்கலையேன்னு இருந்துச்சு. நாத்தனாரைக் கேக்கறதுக்கு நானே ஒவ்வொரு வார்த்தையாச் சேத்து வெக்க ஆரம்பிச்சேன். திரும்பி வர்ற பிளேன்ல பூரா அதுதான் வேலை.

கோலாலம்பூர் வந்தா அவ எங்க மூஞ்சியைப் பாக்கல. புருசன் ஊட்டுல இருந்ததால இவரும் வாயே தொறக்கல. எங்க ரூமுக்குள்ள வந்து பொட்டி கட்ட ஒத்தாசை பண்றேன்னு நின்னா. மைலோ டப்பா, சாக்லேட்டு, தலைவலித் தைலம், எனக்கு ரெண்டு பொடவை. அள்ளி அள்ளிப் போடறா. நான் பொடவையை எடுத்துக் கட்டில்ல வெச்சேன். அவ மறுபடியும் பொட்டிக்குள்ள வெச்சா. நான் மறுபடியும் எடுத்து வெச்சேன்.

ஏர்போர்ட்டுல எங்களை எறக்கி உட்டுட்டு அவ புருசன் காரை நிறுத்தப் போனாரு. வாசல்ல நாங்க மூணு பேருதான். அண்ணன் ஒண்ணும் கேக்காம நிக்கறதைப் பாத்துட்டு அவளே ஆரம்பிச்சா. "அண்ணா, தப்பா எடுத்துக்காதே. சம்பந்தி பக்கமெல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. அந்தச் சபையில உன்னைக் கொண்டாந்து நிறுத்தியிருந்தா உனக்குத்தான் சங்கடம். அவங்க இங்கிலீஷ்ல பேசுவாங்க, நீ முழிச்சுட்டு நிப்பே. எனக்கு மனசு கேக்கல. அதுக்குத்தான் தனியாக் கூப்புட்டு எல்லா எடமும் காட்டினேன். கார் வெச்சேன், பிளேன்ல அனுப்பினேன். ஒரு கொறை வெச்சனா சொல்லு?"

கொறை வெச்சியான்னா கேக்கறே? சேத்து வெச்சதையெல்லாம் எடுத்து ஊத்தறதுக்கு ஒரு எட்டு முன்னால வெச்சேன். இவரு கையை நீட்டி என்னை நிறுத்தினாரு. சட்டைப் பையில இருந்து அந்த மஞ்சத் துணியை எடுத்துப் பிரிச்சாரு. வெள்ளித் தகடு, நடுவுல அந்தப் பொட்டுத் தங்கம். அவ பாத்தா. பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு, வாங்கறதுக்குக் கையையும் நீட்டினா. இவரு குடுக்கல. மறுபடியும் மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டாரு.

குரலை ஒசத்தவேயில்ல. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறப்ப எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் சொன்னாரு.

"ஒரு கொறையும் இல்ல அம்மிணி. பட்டத்துக்கு ஆள் புடிச்சுட்டே. கோடிக்கும் இப்பவே ஒரு ஆளைப் பாத்து வெச்சுக்க."

நான் சேத்து வெச்சிருந்த வார்த்தைக்கெல்லாம் அங்க வேலை இல்லாமப் போச்சு. அவ எங்க பொட்டி வெச்ச தள்ளுவண்டிக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அந்தக் கையை எடுத்து உட்டுட்டு, நான் பொட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன்.